படத்தில் இருக்கிறவர்

“இவர் எங்கட அப்பா இல்லை. எங்கட அப்பா செத்துப்போனார்,” என்றாள் ஒன்பது வயதுப் புஷ்பராணி.

அவள் விரல் காட்டிய சுவரில் மாலை போட்ட படம் ஒன்று தொங்கியது. யாரோ ஒரு மீசைக்காரன். படத்துக்கு நேர் கீழே, நாற்காலியில், அவளைப் பெற்ற விநாசித்தம்பி உயிரோடு உட்கார்ந்திருந்தான்.

எதிரே உட்கார்ந்திருந்த கந்தப்பு படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். தபால் கந்தோரில் தலைமைக் கிளாக்கராக இருந்து ஓய்ந்தவர். சாஸ்திரத்தில் எதைக் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். ஆனால் இப்படியொரு வீட்டை அவர் எந்த நூலிலும் படித்ததில்லை.

விநாசித்தம்பிக்கும் யோகம்மாவுக்கும் ஈப்போவில் கலியாணம் பேசி முடித்தவரே அவர்தான். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த மறுவருஷம் புருஷனும் மனைவியும் பிரிந்தார்கள். யோகம்மா இரண்டு பெண்பிள்ளைகளோடு பினாங்குக்கு வந்து, டத்தோ கிராமாட் வட்டாரத்தில் இந்த வீட்டை எடுத்தாள். பொட்டில்லை, தாலியில்லை. அக்கம்பக்கம் அவளை விதவை என்றே நம்பியது. நேற்று விநாசித்தம்பி கந்தப்புவைத் தேடி வந்து, “பிள்ளையளை என்னட்டை வாங்கித் தாங்கோ, அண்ணை,” என்று அழுதான்.

“யோகம்மா, காணாமல் போனவனுக்கே பன்னிரண்டு வருஷம் பார்த்திருந்துதான் கருமம் செய்யவேணும் எண்டு விதி. நீ கதிரையில இருக்கிற மனிசனுக்குச் செய்திருக்கிறாய்.”

யோகம்மா மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள். “எனக்கு விதியெல்லாம் தெரியாது, அண்ணை. கிழங்கு அவியப்போடுறன், சாப்பிட்டிட்டுப் போங்கோ.”

“கதையை மாத்தாதை. படத்தில ஆர்?”

“பிள்ளையளின்ட அப்பா.”

கந்தப்பு பெரியவள் பக்கம் திரும்பினார். “உனக்கு வாய்ப்பாடு சொல்லித் தந்தது ஆர், பிள்ளை?”

“அப்பா.”

“எந்த அப்பா?”

விரல் மறுபடியும் சுவருக்குப் போனது.

“அப்ப, கதிரையில இருக்கிறவர்?”

“தெரியாது. ரோட்டில போற ஆளாயிருக்கும்.”

விநாசித்தம்பி மடியிலிருந்த பொட்டலத்தை அவிழ்த்தான். சீனி. பினாங்கில் அப்போது சீனியைக் கண்ணால் கண்டவர்களே குறைவு.

“ஒருக்கால் அப்பா எண்டு சொல்லு, புஷ்பா. முழுக்க உனக்குத்தான்.” குரல் உடைந்தது. கண்ணீர் தாடையில் இறங்கியது.

புஷ்பராணி சீனியைப் பார்த்தாள். எச்சிலை விழுங்கினாள். “வேண்டாம்,” என்றாள்.

நாலு வயதுச் செல்வநாயகி மட்டும் தாயை விட்டு மெல்ல நடந்து வந்தாள். அவன் ஈரக் கன்னத்தில் கை வைத்தாள். ரத்தம் ரத்தத்தை அறியும் என்று கந்தப்பு மனம் குளிர்ந்தார்.

“எங்கட அப்பா மாதிரி உங்கட பிள்ளையளும் செத்துப்போச்சினமோ, மாமா?”

மழை வருமா என்று கேட்பதுபோல் கேட்டாள்.

கந்தப்பு சட்டென்று எழுந்தார்.

“பிள்ளையளுக்கு நஞ்சு ஊட்டியிருக்கிறாய், யோகம்மா. கோயில் சபையைக் கூட்டுறன். இவன்தான் தகப்பன் எண்டு ஊரறியச் சொல்லி, இரண்டு பேரையும் இவனிட்டைக் குடுப்பிக்கிறன்.”

கிழங்கும் கையுமாக யோகம்மா புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ரத்தமில்லை.

கந்தப்பு வீதியில் இறங்கிப் பத்தடி போவதற்குள் விநாசித்தம்பி ஓடிவந்து கையைப் பிடித்தான்.

“சபை வேண்டாம், அண்ணை. ஊரறிஞ்சால் பிள்ளையள் துலைஞ்சுதுகள்.”

“நீதானேயடா கேட்டு அழுதனி?”

அவன் குரலைத் தாழ்த்தினான். “நான் ஒளிச்சு ரேடியோ வைச்சிருக்கிறன். லண்டன் செய்தி கேட்டு ஆக்களுக்குச் சொல்லுறன். ஜப்பான் பொலிஸ், அந்தக் கெம்பெய்தாய், எப்பவும் பிடிக்கலாம். பிடிச்சால் பெண்சாதி பிள்ளையளைத் தேடுவாங்கள். இனிப்பைக் காட்டி, ‘இது உன்ட அப்பாவா’ எண்டு கேப்பாங்கள்.”

“அப்ப, அந்தப் படம்?”

“பழைய சாமான் கடையில நான் வாங்கினது. ஆரெண்டு எனக்கே தெரியாது. நாங்கள் பிரிஞ்சது ஊருக்குக் காட்ட. பாடம் சொல்லிக் குடுத்ததும் நான்தான். உங்கட விசாரணைக்கு நிண்டுபிடிச்சால் கெம்பெய்தாய்க்கும் நிண்டுபிடிப்பாள் எண்டுதான் உங்களைக் கூட்டிவந்தனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

தன்னைப் பரீட்சைத் தாளாக்கிவிட்டான் என்ற கோபம் கந்தப்புவுக்கு ஒரு கணம்தான் நின்றது. அவன் தோளைத் தட்டினார்.

“ஒரு இடத்திலயும் பிசகேல்லையடா. பெரியவள் கெட்டிக்காரி. அதிலும் சின்னவள், கன்னத்தில கையை வைச்சு ஒரு கேள்வி கேட்டாளே, அதை எப்பிடியடா பழக்கினனி?”

விநாசித்தம்பி சீனிப் பொட்டலத்தை மடித்து மடித்துச் சிறிதாக்கினான்.

“சின்னவளுக்கு நாங்கள் ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்லை, அண்ணை.”