பழசு வேண்டாம்

ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்த பாண்டியராஜ், சிப்ஸ் கடைக்குப் பின்னால் மனைவியின் குரல் கேட்டு நின்றான்.

"அந்தப் பழசு இனி வேண்டாம் சார். நீங்கதான் ஒரு வழி பண்ணணும். அவுகளுக்கு மட்டும் தெரியக் கூடாது."

அவனைக் கண்டதும் முத்துசெல்வி போனைச் சட்டென்று பைக்குள் போட்டாள்.

"யாருட்டி?"

"எங்க அக்கா."

அக்காவை யாராவது சார் என்று கூப்பிடுவார்களா? அருவியில் நனைந்து வந்த உடம்பு அவனுக்குத் தகித்தது.

சரக்குக் கப்பலின் எஞ்சின் ரூமில் ஒன்பது மாதம் கிடந்துவிட்டு, மேலகரத்து வீட்டுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. வந்ததிலிருந்தே அவள் சரியில்லை. போன் வந்தால் மாடிக்கு ஓடுகிறாள். மத்தியானம் அவன் தூங்கி விழிக்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். விழித்ததும் கண்ணைத் திருப்பிக்கொள்வாள். செய்த தப்பு உறுத்துகிறது போல என்று நினைத்துக்கொண்டான்.

அவளுக்கு என்ன குறை வைத்தான்? கப்பலில் ஏசி ரூம், வேளாவேளைக்குக் கறிச்சாப்பாடு, ராஜ வாழ்க்கை என்றுதான் போனில் சொல்லுவான். ஒரு நாள்கூட அவளைக் கவலைப்பட விட்டதில்லை.

ஆட்டோவுக்காக நின்றபோது போன் மறுபடியும் அடித்தது. எட்டிப் பிடுங்கினான். 'விஜயசங்கர்' என்றது திரை. கேள்விப்படாத பேர்.

"உங்க அக்கா எப்பட்டி விஜயசங்கர் ஆனா?"

அவள் முகம் வெளுத்தது. அவன் போனைக் காதில் வைத்தான்.

"அம்மா, கப்பல் கம்பெனி ஆபீஸ்ல இருந்து பேசறேன். நீங்க கேட்ட மாதிரியே ஆயிடுச்சு. உங்க வீட்டுக்காரரை அந்தப் பழைய கப்பலுக்கு அனுப்பல. இது புதுசு. எட்டு மணி நேர டூட்டிதான், ஆளும் போதுமான அளவு இருக்காங்க. அதே எஞ்சின் வேலை."

பாண்டியராஜ் போனை மெல்ல இறக்கினான்.

"நீயா கேட்ட?"

"கப்பலை மட்டும் மாத்தச் சொன்னேன். வேலையை விடச் சொல்லல. எஞ்சின்னா உங்களுக்கு உசுருன்னு எனக்குத் தெரியாதா?"

"அந்தக் கப்பலுக்கு என்ன? உங்கிட்ட ஒரு குறை சொல்லியிருக்கேனா?"

"முழிச்சிருக்கும்போது சொல்லல." அவள் குரல் உடைந்தது. "உறக்கத்துல, 'கொஞ்ச நேரம் உறங்கிக்கிடுதேன் சார்'னு தெனமும் கெஞ்சுதியளே!"