உமிமேல் கல்முட்டை

கோட்டாறு சந்தையில் வெயில் சாய்கிறது. முட்டைக்காரி முத்துக்கனி உமிக்கூடையைக் காலோரம் இழுத்து வைத்துக்கொண்டு, முட்டை வாங்க வந்த மிஷன் பள்ளிக்கூடத்து நேசபாய் டீச்சர் நீட்டும் பத்திரிகைத் தாளை வாங்குகிறாள். சீனாவுக்கு வடக்கே கோபின்னு ஒரு பாலைவனமாம். அங்கே செம்பாறைக்குள், பல கோடி வருஷத்துக்கு முன்னால் ஏதோ ராட்சசப் பல்லி இட்ட முட்டைகள் கல்லாகிக் கிடக்கிற படம். நீள நீளமாக, ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடக்கின்றன. முத்துக்கனியின் கை அவளைக் கேட்காமலே தாளைத் தூக்கிச் சூரியனுக்கு நேரே பிடிக்கிறது. முப்பது வருஷமாக, நல்லதா கெட்டதா என்று ஒவ்வொரு முட்டையையும் அப்படிப் பிடித்துப் பார்த்த கை. தாள் பொன்னாக மின்னுகிறது. பின்பக்கத்து எழுத்துகள் முட்டைகளுக்குள் எறும்புகளாகக் கறுத்துத் தெரிகின்றன.

“எல்லாம் கூமுட்டையா இருக்கும், டீச்சர்.”

“இல்ல முத்துக்கனி. ஒடஞ்ச ஒண்ணுக்குள்ள குஞ்சுக்க எலும்பு இருந்துதாம்.”

சந்தை இரைந்துகொண்டுதான் இருக்கிறது. அவளுக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. தூக்கிய கையை மெல்ல, மிக மெல்ல இறக்கி, தாளைக் கூடையின் நிழலில், தன் கோழிமுட்டைகளுக்கு நடுவே, உமிமேல் மலர்த்தி வைக்கிறாள்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க டீச்சர். உயிரு பிடிச்ச முட்டையாக்கும்.”