பகல் பூரா என்ன பண்ணுவீங்க?

"அமெரிக்காவுல பகல் பூரா என்ன பண்ணுவீங்க?"

கையில் கரண்டி, மூக்கு நுனியில் கண்ணாடி. விசா ஆபீசர் இப்படித்தான் இருப்பார் என்று தானே முடிவு கட்டிக்கொண்டு லோகநாயகி கேட்டாள்.

"வீ... வீட்டைப் பாத்துப்பேன்மா."

"ஆபீசரை அம்மான்னா கூப்பிடுவே? அதுவும் போகட்டும். 'வீட்டை'ங்கற இடத்துல ஏன் முழுங்கறே கண்ணு? அங்கதான் சந்தேகப்படுவாங்க. இன்னொரு தடவை சொல்லு."

தமிழில் முழுங்கினால் இங்கிலீஷில் சுத்தமாக வராது என்பது அவள் கட்சி. அதனால் பாடம் தமிழிலேயே நடந்தது. நடுநடுவே சமையல் பாடமும் உண்டு. பருப்பு வெந்த பிறகு புளித்தண்ணியா, அதற்கு முன்னாலா என்பதும் கேள்வித்தாளில் வரும்.

விஷாலுக்கும் பிரதீபாவுக்கும் கல்யாணமாகி மூன்று மாதம். கிடைத்த பதினைந்து நாள் லீவு தீர்ந்ததும் ஜோடியில் பாதி நியூஜெர்சிக்குப் பறந்துவிட்டது. மீதிப் பாதி இருந்த வேலையையும் விட்டுவிட்டு, ஊரப்பாக்கத்தில் லோகநாயகியிடம் மாட்டிக்கொண்டிருந்தது. கிடைக்க வேண்டியது எச்-4 விசா. துணையாகப் போய்ச் சேர்ந்து வாழலாம், ஆனால் வேலைக்குப் போகக் கூடாது. அது கிடைக்காவிட்டால் போனில் குடித்தனம் நடத்த வேண்டியதுதான்.

முதல் தடவை ஏஜெண்ட் பேச்சை நம்பிக் கெட்டார்கள். காகிதங்களைத் தூதரகம் வைத்திருக்கும் பெட்டியில் போட்டால் போதும், நேரில் போகவே வேண்டாம் என்றார் அவர். அது பழைய கதையாம். 2003-ல் சட்டம் மாறி, இனி நேரில் வந்துதான் ஆக வேண்டும் என்று எல்லாம் அப்படியே திரும்பி வந்தது. ஒரு மாதம் வீண்.

அன்றிலிருந்து லோகநாயகி யாரையும் நம்புவதில்லை. தினமும் கீரை வாங்கின கையோடு ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போய், அமெரிக்கத் தூதரகத்தின் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, நேற்றிலிருந்து இன்றைக்கு என்ன மாறியிருக்கிறது என்று கேட்பாள். பெரும்பாலும் ஒன்றும் மாறியிருக்காது. மாறியிருந்தால் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் சிவப்பு மையில் ஏறிவிடும். போட்டோ சதுரமாக இருக்கணும், காது தெரியணும், கல்யாண ஆல்பம் கையில் இருக்கணும். சென்டர்காரரே சந்தேகம் வந்தால் அவளைக் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது.

கீரைக்காரி சந்திரம்மா கட்டைக் கொடுக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள். "இன்னாத்துக்குமா அந்தப் புள்ளய அம்மாந் தூரம் படிக்க வெச்சே? இப்ப வேலய வுட்டுட்டு வூட்ல குந்திகினு கீது. அங்க போயும் அடுப்பதான் ஊதப் போவுதா?"

வெளியே அவள் என்றால், வீட்டுக்குள் லோகநாயகியின் கணவர் சுப்புராமன். அணுசக்தி ஆபீசில் ரிடையரான மனிதர். சம்பந்தி வீட்டார் முன்னால் வாயே திறக்காதவர், வீட்டில் பேப்பருக்குப் பின்னாலிருந்து தினமும் ஒரு தடவை, "எஞ்சினீயரிங் படிக்க வெச்சது சாம்பார் வைக்கவா?" என்பார்.

அன்றைக்கும் சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்த முகம் சட்டென்று வாடிப்போனது. லோகநாயகிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கரண்டியை டக்கென்று மேஜைமேல் வைத்தாள்.

"நான் டீச்சர் வேலையை விட்டுட்டு உங்கப்பா பின்னாடி ராஜஸ்தான் வரைக்கும் போனேன். இருபத்தெட்டு வருஷமா வீட்டைத்தான் பாத்துக்கறேன். வெக்கமா இருக்கான்னு என்னை எவனாவது கேட்டானா? எனக்கு வெக்கம் இல்லாத வேலையில உனக்கு மட்டும் என்ன வெக்கம்?"

இந்தத் தடவை முழுங்காமல் பதில் வந்தது.

"வீட்டைப் பாத்துப்பேன்."

இன்டர்வியூ அன்று விடியற்காலை சுப்புராமன் தானே எழுந்து இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். அவர் அதைத் தொட்டு லோகநாயகி பார்த்ததே இல்லை. காபி கலக்கப் போய்விட்டாள். சாமி படத்தருகே, கல்யாணம் கூடிவர வேண்டிக்கொண்டு திருவிடந்தைப் பெருமாளுக்குச் சாத்திக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று சுற்றிய மாலை காய்ந்து தொங்கியது. ஜோடியாகப் போய்த் திருப்பிச் செலுத்த வேண்டிய மாலை. லீவு போதாமல் அப்படியே நின்றுவிட்டது. அதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு மின்சார ரயிலைப் பிடித்தார்கள்.

தூதரகத்துக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் லோகநாயகியும் சுப்புராமனும் நின்றார்கள். வெளியே வருகிறவர்களின் கையைத்தான் அவள் பார்த்தாள். பாஸ்போர்ட்டோடு வந்தால் விசா இல்லை என்று அர்த்தம். கொடுப்பதாக இருந்தால் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு அனுப்புவார்கள். வரிசையாக நாலு பேர் பாஸ்போர்ட்டோடு வந்தார்கள்.

ஐந்தாவதாக அந்தத் தெரிந்த நடை. கக்கத்தில் ஆல்பம் மட்டும் இருந்தது, கையில் பாஸ்போர்ட் இல்லை.

"ஆல்பத்தைப் புரட்டினாங்கம்மா. அப்புறம் நீ கேட்ட அதே கேள்வி. வீட்டைப் பாத்துப்பேன், சமைப்பேன்னு சத்தமாச் சொன்னேன். அந்தம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டு, என் வீட்டுக்கும் இப்படி ஒரு ஆள் வேணும்னு சிரிச்சாங்க."

லோகநாயகிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. சுப்புராமன், ரசம் இன்னும் சரியாக வரவில்லை, போவதற்குள் அதையும் சொல்லிக் கொடுத்துவிடு என்றார்.

தெருமுனை டெலிபோன் பூத்துக்கு அவள் ஓடாத குறைதான். நியூஜெர்சியில் அப்போது நடுநிசி. முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"பிரதீபா, உன் புருஷனுக்கு விசா கெடைச்சிடுச்சும்மா. இனிமே நீ நிம்மதியா ஆபீஸ் போயிட்டு வா, சாம்பார் அவன் வெச்சுடுவான்."