நாலாவது நாற்காலி

“லீவெல்லாம் இன்னிக்குக் கிடையாது ஷாலினி. சாயங்காலம் வரைக்கும் சீட்டை விட்டு நகரப்படாது.”

தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார் மேனேஜர் சுந்தரராமன்.

“சார், அம்மாவுக்கு இன்னிக்குக் கண் ஆபரேஷன். இங்க சயான் ஆஸ்பத்திரியிலதான். பன்னெண்டு மணிக்குப் போயிட்டு மூணு மணிக்கெல்லாம் வந்துருவேன்.”

“தம்பி இருக்கானோல்லியோ? அவன் பாத்துப்பான். அந்த ஹமீது ஃபைலை முடிச்சியா?”

ஹமீது வேலையை விட்டுப் போய் ஐந்து மாதமாகிறது. ஃபைலுக்கு மட்டும் இன்னும் அவன் பெயர்தான், மாரடிப்பது ஷாலினி. போன வருஷம் அஸ்ரின் போனபோதும் இதே கதை. அவள் மேஜையில் இருந்ததை அப்படியே வாரிக் கொண்டுவந்து ஷாலினி மேஜையில் வைத்தார் இந்த மனுஷர். செம்பூரில் இந்த டிரான்ஸ்போர்ட் ஆபீஸுக்கு வந்து ஆறு வருஷம். மூன்று பேர் வேலை, ஒரு ஆள் சம்பளம். இன்க்ரிமென்ட் என்று வாயைத் திறந்தால், “அடுத்த வருஷம் பாக்கலாம்” என்பார். எந்த அடுத்த வருஷமோ, அது மட்டும் வரவே இல்லை.

சீட்டில் வந்து உட்கார்ந்ததும் போன் அடித்தது. அம்மா முப்பிடாதியம்மாள்.

“ஏட்டி, எப்ப வார? உள்ள கூப்பிடுதாவ.”

“வர முடியலம்மா. விட மாட்டேங்காரு.”

“சரிட்டி, நீ டூட்டியப் பாரு. ஒந் தம்பி மாரிக்கண்ணன் இருக்காம்லா.” “லேசா பயமாத்தான் இருக்கு” என்று சொல்லி அம்மா சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைத்தான் ஷாலினியால் தாங்க முடியவில்லை. லேபர் கேம்ப் குடிசையிலிருந்து மாட்டுங்காவுக்கு நடந்து, நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பெண்ணை பி.காம். படிக்க வைத்தவள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க இன்றைக்குப் பெண்ணுக்கு மூன்று மணி நேரம் இல்லை.

போதும் என்று தோன்றியது. சுந்தரராமனிடம் கடிதம் கொடுத்தால் அவர் டிராயரிலேயே தூங்கும். நேராக ஹெட் ஆபீஸுக்கே இரண்டு வரி ராஜினாமா மெயில் தட்டி அனுப்பினாள். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

மூன்றரை மணிக்கு சுந்தரராமன் அறைக்குள் கூப்பிட்டார். முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது என்று போனாள். மேஜை மேல் ஒரு தடித்த ஃபைல், அதன் மேல் அலமாரிச் சாவி.

“நாளையிலேர்ந்து இதையும் நீதான் பாக்கணும்.”

வந்ததே கோபம் அவளுக்கு. “நான் மனுஷியா, மாடா சார்? ரெண்டு பேரு வேலையைத் தலையில கட்டுனீங்க. ஒரு பைசா ஏத்தலை. இன்னிக்கு அம்மா பக்கத்துல கூட நிக்க விடலை.”

“உக்காரு” என்றார் அவர். “ரெண்டு வருஷமா ஆளைக் குறைன்னு ஹெட் ஆபீஸ்ல லிஸ்ட் போட்டுண்டே இருக்கா. அஸ்ரின், ஹமீது போன ரெண்டு தடவையும் முதல் பேர் உன்னோடதுதான். மூணு பேர் வேலையை அடிமாட்டு விலைக்கு ஒருத்தி செய்யறா, அவளை எடுத்தா நஷ்டம் உங்களுக்குத்தான்னு காட்டினேன். சம்பளத்தை ஏத்தியிருந்தா உன்னைத்தான் எடுத்திருப்பா. உன்னைக் காப்பாத்த வேற வழி தெரியலை எனக்கு.”

ஷாலினி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“இன்னிக்கு ஹெட் ஆபீஸ்லேர்ந்து மறுபடியும் ஒரு பேர் கேட்டா. இந்தத் தடவை நீ, இல்லேன்னா நான். சீட்ல யார் இருக்கா, இல்லைன்னு காலையிலேர்ந்து கேமராவுல பாத்துண்டிருந்தா. அதான் உன்னை விடலை. அம்மாகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு.” சாவியை அவள் பக்கம் நகர்த்தினார். “என் பேரையே எழுதி அனுப்பிட்டேன். ஒத்துண்டுட்டா. இது என் ஃபைல்தான். ஜாக்கிரதையாப் பாத்துக்கோ.”

அவள் கையில் போன் அதிர்ந்தது. தம்பியாக இருக்கும், அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்திருக்கும் என்று பதறிப்போய்த் திறந்தாள்.

ஹெட் ஆபீஸிலிருந்து மெயில்: ‘உங்கள் ராஜினாமா ஏற்கப்பட்டது. எல்லாப் பொறுப்புகளையும் இன்றே மேனேஜர் சுந்தரராமனிடம் ஒப்படைத்துவிடவும்.’