களவுச் சாப்பாடு

"சுவாமி, தபசுகாலத்திலயும் களவாய்ச் சாப்பிடுறன்."

பாவசங்கீர்த்தனத் தட்டிக்கு அந்தப் பக்கம் முழங்காலில் இருந்தவரை, குரலைக் கொண்டே தெரிந்துகொண்டார் யாகப்பர் சுவாமியார். கிளாக்கர் பஸ்தியாம்பிள்ளை.

சுவாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாற்பது நாள் நோன்பான தபசுகாலம் வந்துவிட்டால், கண்டிப் பட்டணத்துச் சபையாரின் ஆத்துமத்தை விட வயிற்றைத்தான் அவர் கூடுதலாகக் காவல் காப்பார். போன வெள்ளிக்கிழமையும், ரயிலில் வந்த இறாலை மத்தியானம் ஒரு பிடி பிடித்த தெம்பில், மாலையில் போசனப்பிரியத்தைப் பற்றி ஒரு மணி நேரம் முழங்கியிருந்தார்.

"எங்கே சாப்பிடுகிறீர்?"

"சந்தைக்குப் பின்னால, நளீர் நானாவின்ர கடையில. எனக்குச் சலரோகம், சுவாமி, சீனி வருத்தம். பத்தியமெண்டு சொல்லி மனுசி வெறும் கஞ்சியைப் போத்தலில ஊத்தித் தந்துவிடுறா. அதை நான் வேலை செய்யிற கந்தோர் வாழைமரத்துக்கு ஊத்திப்போட்டுக் கடைக்குப் போயிடுவன்."

"டொக்டர் ஒன்றும் சொல்லவில்லையா?"

"சொன்னவர். கண்டபடி திண்டால் காலை எடுக்க வேண்டி வருமாம். எங்கட அண்ணருக்கும் எடுத்தது."

"அப்படியிருந்துமா! என்ன தின்கிறீர்? இறைச்சியா?"

"ஆசைப்பட்டுக் கேக்கிறதுதான், சுவாமி. நான் போற நேரம் எப்பவும் முடிஞ்சு போச்சாம். சோறும் முடிஞ்சுதாம். குரக்கன் மாப் புட்டு, முருங்கையிலை வறை, மீன்குழம்பு. அதுவும் என்ன ருசி! எங்கட வீட்டில ஒரு நாளும் அப்பிடி வராது. மனுசிக்குக் கைப்பக்குவம் இல்லை."

"உம்மைக் காப்பாற்றப் பாடுபடுகிறவளை ஏமாற்றுகிறீர். வெட்கமாயில்லையா?"

"வெட்கம் இருக்குது, சுவாமி. பசியும் இருக்குது."

"பாஸ்குத் திருநாள் வரைக்கும் அந்தக் கடைப் பக்கம் தலை வைக்கக்கூடாது. பெண்சாதி தருகிற கஞ்சி மட்டும்தான். இதுவே உமக்கு அபராதம்."

"புட்டும் கூடாதோ?"

"புட்டுத்தான் முதலில் கூடாது!"

ஒரே வார்த்தையில் ஓர் ஆத்துமத்தையும் ஒரு காலையும் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு, சுவாமியார் மறுபக்கத் தட்டியைத் திறந்தார்.

"சுவாமி, என்ர மனுசனுக்கு ஆறு மாதமாய்ப் பொய் சொல்லுறன்."

பஸ்தியாம்பிள்ளையின் மனைவி டொரதி.

"பத்தியமெண்டு சொல்லிக் கஞ்சித் தண்ணியைக் குடுக்கிறன். டொக்டர் அப்பிடிச் சொல்லேல்லை. நல்லாய்ச் சாப்பிடட்டும், ஆனால் குரக்கன், இலைக்கறி, மீன் எண்டு சாப்பிடட்டும் எண்டுதான் சொன்னவர்."

"அதைச் சமைத்துக் கொடுப்பதற்கென்ன?"

"குடுத்தனான், சுவாமி. 'நான் என்ன மாடோ, இலைகுழை தின்ன?' எண்டு கோப்பையைத் தள்ளிப்போட்டு, நளீர் நானாவின்ர கடையில புரியாணி திண்டிட்டு வந்தவர். சொல்லித் திருத்தேலாது. அதுதான், அவர் கந்தோருக்குப் போனதும் நானே எல்லாத்தையும் சமைச்சு, அந்தக் கடைப் பின்வாசலால குடுத்திட்டு வாறன். அவருக்கு வேறொண்டும் போட வேண்டாமெண்டு நானாவிட்டைச் சொல்லி வைச்சிருக்கிறன். பசியோட களவாய்ப் போற மனுசன், எதை வைச்சாலும் வழிச்சுத் திண்டிட்டு வருவார்."

சுவாமியார் அவசரமாக முதல் தட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"சலத்தில சீனியும் குறைஞ்சிட்டுதாம், சுவாமி. அந்தக் கடைக்குப் போறதை மட்டும் அவர் விட்டிடக் கூடாது. பசி தாங்காமல் வேற கடைக்குப் போனாரெண்டால், அந்தக் காலுக்கு ஆர் பொறுப்பு?"

யார் பொறுப்பு என்று சுவாமியாருக்கு நன்றாகத் தெரிந்தது. சொல்லத்தான் முடியாது. பாவசங்கீர்த்தனத்தில் ஒருவர் சொன்னதை, அவர் கட்டின பெண்சாதியிடம்கூடச் சொல்லக்கூடாது. இனிமேல் பொய் சொல்லாதே என்ற வழக்கமான புத்திமதியும் அன்று வாயில் வரவில்லை. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லும்படி அவளை அனுப்பிவைத்தார்.

டொரதி கோயில் வாசலைத் தாண்டியதும், முதல் தட்டியில் செருமல் கேட்டது.

"திரும்பவும் நான்தான், சுவாமி. பீடத்துக்கு முன்னால நிண்டு பாத்தன். செபம் வருகுதில்லை, புட்டுத்தான் வருகுது. முழங்காலில கோயிலைச் சுத்தச் சொன்னாலும் சுத்துறன். அந்தக் கடையை மட்டும் விடச் சொல்லாதேங்கோ."

திருந்தமாட்டேன் என்று ஒரு பாவி அடம்பிடிப்பதைக் கேட்டு, யாகப்பர் சுவாமியார் முதன்முறையாகக் கர்த்தருக்கு நன்றி சொன்னார்.

"சரி, மூன்று முறை கோயிலைச் சுற்றும். நாளைக்கே கடைக்குப் போம். வயிறு நிறையச் சாப்பிடும்," என்றவர், தட்டியோடு வாயை வைத்து மெல்லச் சொன்னார்: "ஆனால் பெண்சாதியிடம் மட்டும் உண்மையைச் சொல்லித் தொலைத்துவிடாதேயும்!"