தலைவர் வீட்டுப் படையல்

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும், இறந்தவருக்கு வைத்த படையல் இலையருகே இருந்த கள்ளுப் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள் யோகேஸ்வரி. எழுபது வயதில் அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பாட்டில் அடுப்புக்குப் பின்னால் போய்விட்டது.

"எங்கடி எடுத்துட்டுப் போற?" சக்கர நாற்காலியில் இருந்தபடியே கேட்டாள் அம்மா காளியம்மா. தொண்ணூறை நெருங்கியும் குரலில் பிசிறில்லை.

"ஒய்பி ஆபீஸ்லேருந்து வந்துட்டாங்கம்மா. தீவாளிப் படையல்ல, அதுவும் தலைவர் சபாபதி வீட்டுல கள்ளுன்னா, நாளைக்கே ஃபேஸ்புக்ல நாறிப்போயிடும்."

மலேசியாவின் ரெங்கத்தில் சபாபதி என்றால் தெரியாதவர் இல்லை. மெர்டேக்கா எனும் விடுதலைக்காக ரப்பர்த் தோட்டம் தோட்டமாக ஆள் திரட்டியவர். கள்ளுக்கடைகளை இழுத்து மூட வைத்தவர். புது மண்டபத்துக்கு அவர் பெயர் என்று முடிவான நேரத்தில், யாரோ ஒரு ஆராய்ச்சி மாணவன் பத்திரிகையில் எழுதிவிட்டான்: கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த அவசரகாலத்தில் தன் கூட்டாளி ஒருவரை வெள்ளைக்காரப் போலீசுக்குக் காட்டிக் கொடுத்தவர் இந்தத் தலைவர்.

படித்ததிலிருந்து யோகேஸ்வரிக்குக் கோபம்கூட வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி மனசு மரத்துக் கிடந்தது. மண்டபத்தில் அப்பாவின் பெயர் நிற்பதும் போவதும் இனி அம்மா கேமரா முன்னால் சொல்லப்போகும் பதிலில்தான் இருந்தது.

"ஹேப்பி தீபாவளி, ஆன்ட்டி." ஒய்பி என்று ஊர் அழைக்கும் சட்டமன்ற உறுப்பினரின் உதவியாளன் கமலநாதன் கைப்பேசியை ஸ்டாண்டில் மாட்டியபடியே மூக்கை உறிஞ்சினான். "அலமாக், கள்ளு வாடை அடிக்குதே?"

"ஆப்பத்துக்கு மாவு கரைச்சிருக்கேன்."

அவன் நம்பினானோ இல்லையோ, இலையைப் பார்த்தான். ஆட்டுக்கறி, நெத்திலி சம்பல், ஒரு சுருட்டு. "ஹால்ல இருக்கிற தலைவர் படத்த இங்க கொண்டாந்து வச்சிரலாமா? வீடியோவுக்கு எடுப்பா இருக்கும்லா."

"அது அங்கயே இருக்கட்டும் தம்பி," என்றாள் காளியம்மா. "என்னைக்கும் இங்க வந்ததில்ல."

யோகேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். வருஷம் தவறாமல் இந்தப் படையலுக்கு அம்மா கள்ளு வாங்கிவரச் சொல்வாள். ஏன் என்று இவள் கேட்டதில்லை. ஊர்க் கள்ளையெல்லாம் விரட்டியவர் வீட்டுக்குள் ரகசியமாகக் குடித்திருக்கிறார் என்று தானாகவே முடிவுகட்டி, அப்பாவை எப்போதோ மன்னித்தும் விட்டிருந்தாள்.

கமலநாதன் கைப்பேசியைத் தட்டினான். "பாட்டி, ஓடுது. தலைவர் யாரையும் காட்டிக் குடுக்கலன்னு ஒரு வரி சொல்லுங்க போதும். மத்தத ஒய்பி பாத்துக்குவாரு."

"யோகா, மொதல்ல அந்தப் பாட்டில எடுத்துட்டு வா."

"அம்மா, சும்மா இரேன்."

"அது வந்தாத்தான் நான் வாயத் தொறப்பேன்."

யோகேஸ்வரி அடுப்புப் பக்கம் போனாள். கொண்டுவந்து வைத்தாள். கமலநாதன் முகம் செத்துவிட்டது. "என்ன ஆன்ட்டி இது? தலைவர் தண்ணி போடுவாரா? நிறுத்திடவா?"

"நிறுத்தாத," என்றாள் காளியம்மா. "உங்க தலைவர் ஒரு சொட்டு தொட்டதில்ல. அதுல ஒரு கொறையும் சொல்ல முடியாது. என்னையும் நல்லாத்தான் வச்சிருந்தாரு. ஆனா காட்டிக் குடுத்தது நெசம்."

"பாட்டி..."

"லெட்சுமணன்னு பேரு. ரப்பர் மரத்துல பால் வெட்டுறவரு. சங்கத்துல இவருக்கு வலது கை. எனக்குத் தீவாளித் துணி எடுக்க குளுவாங் போனவர பஸ்ஸுலேருந்து எறக்கிக் கொண்டுபோனாங்க. பொணத்தக்கூடக் காட்டல."

"எதுக்குப் பாட்டி குடுத்தாரு?"

"அந்த ஒரு ஆளக் குடுத்தா இவர வெளிய விட்டுவைக்கிறதாச் சொன்னாங்களாம். இவரு உள்ள போயிட்டா மெர்டேக்காவுக்கு யாரு பேசுறது? அப்படித்தான் எங்கிட்ட சொன்னாரு. சொல்லிட்டு அழுதாரு."

கமலநாதன் கைப்பேசியை நிறுத்தவும் இல்லை, அதைப் பார்க்கவும் இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ வெடி வைத்தார்கள். யோகேஸ்வரி திடுக்கிடக்கூட இல்லை.

"அப்பா தொட்டதே இல்லன்னா..." குரல் வேறு யாருடையதோ போல வந்தது அவளுக்கு. "வருஷா வருஷம் இந்தப் படையல் யாருக்கும்மா?"

காளியம்மா முதல் தடவையாக மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"உன் அப்பாவுக்குத்தாண்டி."