மூடி இறங்கிய நேரம்

மூடியைப் பெட்டியின் வாயில் வைத்துவிட்டு இகுக்கோ கையை எடுத்தாள்.

அது உடனே விழவில்லை. உள்ளேயிருந்த காற்று கசியக் கசிய, தன் கனத்திலேயே மெல்ல இறங்கிச் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

பட்டறையில் எல்லோரும் அப்போதுதான் மூச்சு விட்டோம்.

எல்லோரும் என்றால் நான்கு பேர். பட்டறையை நடத்தும் ஷிகெக்கி அண்ணன். அவருடைய தங்கை இகுக்கோ, பள்ளியில் என்னோடு படித்தவள். பின்லாந்திலிருந்து இரண்டாம் தடவையாக வந்திருந்த வடிவமைப்பாளர் ரிஸ்தோ. அப்புறம், இவர்கள் பேசுவதை அவருக்கும் அவர் பேசுவதை இவர்களுக்கும் சொல்ல வந்த நான்.

தேவதாருப் பலகையை மெல்லிசாகச் சீவி, வெந்நீரில் ஊறவைத்து, வளைத்து, செர்ரி மரப்பட்டையால் தைக்கிற பெட்டி அது. எங்கள் ஊர் ஓதாத்தேயில் சோறு கட்டிக்கொண்டு போகச் செய்வது. ரிஸ்தோ அதையே தன் ஊர் ரொட்டிக்காகப் பெரிதாக வரைந்திருந்தார். ஒரு பக்கம் அகன்ற முட்டை வடிவம். அந்த அகன்ற பக்கத்தில்தான் ஒவ்வொரு முறையும் பலகை விரிசல் விட்டது. உடைந்த பலகைகளை அடுப்பில் போட்டே அந்தக் குளிர்காலத்தில் பாதியை ஓட்டினோம்.

இது உடையவில்லை.

ஷிகெக்கி அண்ணன் அப்போதே பெட்டியைச் சுற்றக் காகிதம் தேட ஆரம்பித்துவிட்டார். அந்த வாரமே அனுப்பினால் ஹெல்சிங்கியில் வசந்தக் கண்காட்சிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ரிஸ்தோவுக்கும் இனி இங்கே வேலையில்லை, ஊருக்குக் கிளம்பலாம், அவரிடம் சொல்லு என்றார். சொன்னேன்.

ரிஸ்தோ பெட்டியைத் தொடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கூரையிலிருந்து பனி சரிந்து பொத்தென்று விழுந்தது. கண்ணாடியைப் பார்த்தபடியே தன் மொழியில் என்னவோ சொன்னார். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக.

எனக்கு அந்த மொழி தெரியாது. நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். பெட்டி நன்றாக வந்திருக்கிறது என்று சொன்னதாகச் சொன்னார். அதை அப்படியே இகுக்கோவிடம் சொன்னேன்.

அவள் தலை குனிந்து நன்றி சொன்னாள். பிறகு மூடியைத் திரும்ப எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, தையலைக் கட்டைவிரலால் தடவினாள்.

"இது சரியில்லண்ணா. தையல் கோணியிருக்கு. வேற ஒண்ணு செய்யணும்."

அண்ணன் வாங்கிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எங்கம்மா கோணல்? என் கண்ணுக்குத் தெரியலியே."

தனக்குத் தெரிகிறது என்றாள். வெளிநாட்டுக்காரர் முன்னால் தங்கையைத் திட்டவும் முடியாமல், அண்ணன் மண்வாரியை எடுத்துக்கொண்டு வாசலில் பனி தள்ளப் போய்விட்டார். அப்புறம் வெகுநாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்னொன்று செய்ய எவ்வளவு நாளாகும் என்று ரிஸ்தோ கேட்டார். நல்ல பலகையாகப் பார்த்து எடுத்து, சீவி, வளைத்துக் காயவைப்பதற்குள் பனியெல்லாம் உருகிவிடும் என்றாள். கண்காட்சி தவறிப்போகுமே என்று அவர் சொல்லவில்லை. போட்டிருந்த கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அதற்குப் பிறகும் நாள் தவறாமல் வந்தார். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவள் சீவச் சீவ விழும் சுருள்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டார். மத்தியானம், புகையில் வாட்டிய முள்ளங்கி ஊறுகாயோடு சோறு வைப்பாள். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார். பேச்சு என்று ஒன்றும் கிடையாது. பல நாள் நான் சும்மா உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

புதுப் பெட்டி பழையதைப் போலவே இருந்தது. இரண்டையும் மாற்றி வைத்தால் எனக்கு அடையாளம் தெரியாது. இந்தத் தடவை அவள் ஒரு குறையும் சொல்லவில்லை.

ரயில் நிலையத்தில் ரிஸ்தோ அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவள் குனிந்து வணங்கினாள். ஏதாவது சொல்வார்கள், மொழிபெயர்க்கலாம் என்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரயில் கிளம்பிவிட்டது.

காரில் திரும்பி வரும்போதுதான், அந்த முதல் பெட்டியில் அப்படி என்ன கோணல் என்று கேட்டேன்.

இகுக்கோ, பனி கரைந்து கறுத்துக் கிடந்த வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஒரு கோணலும் இல்ல, ஷிஹோ. 'இனி வீட்டுக்குப் போகணும், வீட்டுல யாரும் இல்ல'ன்னாரு அன்னைக்கு."

அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

அவர் முதல் தடவை வந்து போனதிலிருந்தே, சாப்பாடு முடிந்து தனியாக இருக்கிற நேரத்தில், கைபேசியில் பாடம் கேட்டு அவருடைய மொழியைப் படித்துக்கொண்டிருக்கிறாளாம். அண்ணனுக்குக்கூடத் தெரியாதாம். அவர் போனில் பேசுகிற வேகத்துக்கு ஒன்றும் பிடிபடாதாம். அன்றைக்கு ஜன்னலோரம் சொன்னது ஒன்றுதான் முழுசாகப் புரிந்ததாம்.

இத்தனை நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாரே, அவர் மொழியில் ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே என்றேன்.

"அவர் அதை எங்கிட்டச் சொல்லலியே" என்றாள்.